வளைவு முதலா, நிறம் முதலா: கிருஷ்ண ரெட்டியின் 'நீர்ச்சுழல்' குறித்து

வெண்தாள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் பள்ளியில் ஓவியம் கற்பிப்பவள். அச்சோவியத்தில், அதாவது செதுக்கியதில் மை தடவித் தாளில் ஒற்றி எடுக்கும் ஓவியத்தில், எனக்குள்ள பழக்கம், மாணவர்களோடு உட்கார்ந்து ரப்பர்த் துண்டிலும் லினோலியத்திலும் செதுக்கியதைத் தாண்டாது. சென்ற மாதம் உறவினர் ஒருவருடன் ஒரு சேகரிப்பாளரின் வீட்டுக்குப் போயிருந்தபோது, கிருஷ்ண ரெட்டி 1963இல் செய்த 'நீர்ச்சுழல்' அச்சோவியத்தின் ஒரு பிரதியை நெருங்கி நின்று பார்க்க வாய்த்தது. அதற்கு முன் அதைக் கைபேசித் திரையில் மட்டுமே பார்த்திருந்தேன்.

திரையில் அது நீல வண்ணத்தில் வரைந்த ஒரு சுழி. நேரில் அப்படி இல்லை. நடுவை நோக்கிச் சுழன்று இறங்கும் வளைகோடுகள் ஒவ்வொன்றின் இரு பக்கத்திலும் வெவ்வேறு நிறம் நிற்கிறது. கண்ணை இன்னும் கிட்டக் கொண்டு போனால் அந்த நிறம் மணல் மணலாகச் சிதறி, ஒன்றின் இடுக்கில் இன்னொன்று தெரிகிறது. வரைந்த கோட்டுக்குள் நிறம் நிரப்பியதாகவும் தோன்றவில்லை, நிறத்தின் மேல் கோடு போட்டதாகவும் தோன்றவில்லை. சேகரிப்பாளரிடம் கேட்டேன். "ஒரே தகடு, ஒரே தடவைதான் அழுத்தியது" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

என் கேள்வி இதுதான்: எந்தப் பொருளையும் அப்படியே காட்டாத அருவ அச்சோவியத்தில் வளைவும் நிறமும் இவ்வளவு இறுகப் பிணைவது எப்படி? கலைஞர் முதலில் எதை நினைக்கிறார்? பார்த்த கணத்தில் எனக்குச் சிக்குக் கோலம் நினைவுக்கு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது சரியா தவறா என்று தெரியவில்லை.

அரைவட்டம் எழுதியது:

வணக்கம் அம்மா. நான் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகங்களில் இருபத்தாறு ஆண்டுகள் நிறப்பிரிப்பு வேலை பார்த்தவன். எங்கள் தொழிலில் நிறம் என்றால் நான்கு தகடு: நீலம், செந்நீலம், மஞ்சள், கறுப்பு. நான்கும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். இந்தப் பொருத்தத்தை ரெஜிஸ்டர் என்போம். அது விலகினால் சாமி படத்தில் உதட்டுச் சிவப்பு மூக்குக்கு ஏறிவிடும், ஆயிரம் காலண்டர் குப்பைக்குப் போகும். ஆகவே ஒரே தகட்டில் ஒரே அழுத்தத்தில் பல நிறம் என்று கேட்டதும் எனக்கு வியப்பைவிட ஐயம்தான் அதிகம் வந்தது.

விசாரித்துப் பார்த்தபோது, மையின் பிசுபிசுப்பைக் கூட்டிக் குறைத்து, அது தானாகவே விலகி நிற்கும்படி செய்கிறார்கள் என்று அறிந்தேன். அப்படியானால் என் கேள்வி உங்களுடையதைவிடக் கடுமையானது. ஓரிடத்தில் ஒரு நிறம் ஏன் இருக்கிறது என்று கேட்டால், "தகடு அங்கே பள்ளமாக இருந்தது" என்பது ஒரு பதிலா? அந்த முடிவை எடுத்தது ஓவியரா, உருளையா?

அமெரிக்க ஓவியர் எல்ஸ்வொர்த் கெல்லி பாரிசில் மேக்ட் பதிப்பகத்துக்காக 1964, 1965 ஆண்டுகளில் செய்த இருபத்தேழு வண்ணக் கல்லச்சுகளைப் பாருங்கள். தாளில் ஒன்றிரண்டு நிறங்கள்தான். ஒரு வளைவு, அவ்வளவே. அந்த வளைவின் விளிம்பு எங்கே தொடங்க வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பதை ஒரு மனிதர் தீர்மானித்தார் என்பது பார்த்தவுடன் தெரிகிறது. ஆரஞ்சு நிறம் அங்கே தட்டையாக, கறையின்றி, சாக்குப்போக்கின்றி நிற்கிறது. என் பார்வையில் வளைவையும் நிறத்தையும் பற்றி யோசித்த அச்சோவியம் அதுதான். மற்றது ரசாயன வித்தை.

தகட்டுவாசி எழுதியது:

அரைவட்டம் ஐயாவின் ஐயம் நியாயமானது. ஆனால் தகட்டை அவர் ஆஃப்செட் தகடாகவே மனத்தில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆஃப்செட் தகடு தட்டை. நாங்கள் வேலை செய்யும் துத்தநாகத் தகடோ செம்புத் தகடோ ஒரு சிறு நிலப்பரப்பு. அதில் மேடு, சரிவு, பள்ளம், பள்ளத்துக்குள் ஓடும் வாய்க்கால் எல்லாம் உண்டு.

வெண்தாள் அம்மாவுக்காக வேலையை ஓட்டத்தோடு சொல்கிறேன். முதலில் தடித்த மையைத் தகடு முழுவதும் தேய்த்து, செதுக்கிய கோடுகளுக்குள் இறக்கி, கஞ்சி போட்ட சல்லாத்துணியால் மேற்பரப்பைத் துடைத்து எடுத்துவிடுவோம். இப்போது மை கோடுகளுக்குள் மட்டும் இருக்கும். அடுத்து, ஆளிவிதை எண்ணெய் தாராளமாகக் கலந்து நெகிழ்த்திய ஒரு நிறத்தை, கடினமான ரப்பர் உருளையில் மெல்லிய படலமாக ஏற்றி, கை அழுத்தமே இல்லாமல் தகட்டின் மேல் ஓட்டுவோம். உருளை கடினமானதால் அது வளையாது; மேடுகளை மட்டும் தொட்டுவிட்டுப் போய்விடும். மூன்றாவதாக, எண்ணெய் சேர்க்காத இறுகிய நிறத்தை மிருதுவான உருளையில் ஏற்றி, உடல் எடையைச் சிறிது கொடுத்து ஓட்டுவோம். மிருதுவான உருளை பிதுங்கிப் பள்ளத்துக்குள் இறங்கி அங்கே நிறத்தை விடும்; மேடுகளின் மேலும் அது படத்தான் செய்கிறது, ஆனால் அங்கே ஏற்கெனவே உள்ள நெகிழ்ந்த மை இறுகிய மையை ஏற்காமல் தள்ளிவிடும். பிறகு நனைத்து ஒற்றிய தாளை மேலே வைத்து, கம்பளம் போர்த்தி, அழுத்தப்பொறியில் ஒரே முறை உருட்டினால் எல்லா நிறமும் சேர்ந்து தாளுக்கு வந்துவிடும். ரெஜிஸ்டர் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை, ஐயா, தகடே ரெஜிஸ்டர்.

உருளையின் சுற்றளவு தகட்டின் நீளத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிறிய உருளை தகட்டின் நடுவிலேயே இரண்டாவது சுற்றைத் தொடங்கிவிடும். தொடங்கிய இடத்தில் குறுக்காக ஒரு வரி விழும். வளைவான உருவத்துக்கு நடுவே அந்த நேர்வரி விழுந்தால், அழகான முகத்தில் கீறல் விழுந்தது போல இருக்கும். அதை எந்த மையாலும் மறைக்க முடியாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்: முடிவெடுப்பது உருளையா? உருளை தொடும் உயரத்தையும் தொடாத உயரத்தையும் தகட்டில் உண்டாக்கியது யார்? பள்ளத்தை எத்தனை ஆழம் தோண்டினால் எந்த நிறம் அங்கே தங்கும் என்று அறிந்துதான் கை தோண்டுகிறது. சிற்பி நிழலைத் தனியாக வரைவதில்லை, கல்லைக் குடைகிறார், நிழல் வந்து விழுகிறது. அந்த நிழல் சூரியனுடைய முடிவு என்று நாம் சொல்வதில்லை.

கீழவீதி எழுதியது:

சிற்பி என்ற சொல் தற்செயலாக வந்ததோ என்னவோ, ஆனால் வந்த இடம் மிகச் சரி. கிருஷ்ண ரெட்டி அடிப்படையில் சிற்பி. 1925இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர். சாந்திநிகேதனில் நந்தலால் போஸிடம் பயின்றார். பலர் மறந்துவிடும் ஒரு செய்தி, 1940களின் இறுதியில் அவர் சென்னைக்கு வந்து கலாக்ஷேத்திராவின் ஓவியப் பிரிவுக்குப் பொறுப்பேற்றிருந்தார் என்பது. பிறகு லண்டன் ஸ்லேட் பள்ளியில் ஹென்றி மூரிடமும், பாரிசில் ஓசிப் ஸட்கினிடமும் சிற்பம் கற்றார். ஆக அவர் அச்சுத் தகட்டை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது அந்தக் கைகளுக்குப் பழக்கம் கல்லும் களிமண்ணும்தான்.

அவர் சேர்ந்த பாரிஸ் பட்டறை 'அட்டெலியே 17'. அதை 1927இல் தொடங்கிய ஸ்டான்லி வில்லியம் ஹேய்ட்டர் வேதியியல் படித்து, ஈரானின் அபாதானில் எண்ணெய் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு ஓவியத்துக்கு வந்தவர். மையின் பாகுநிலையை, அதாவது அதன் பிசுபிசுப்பை, வைத்து ஒரே தகட்டில் பல நிறம் எடுக்கும் முறை 1950களில் அந்தப் பட்டறையில், ரெட்டி, பம்பாயிலிருந்து சென்ற கைக்கோ மோதி, ஹேய்ட்டர் ஆகியோர் கைகளில் உருவானது. யார் எவ்வளவு என்று பங்கு பிரிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. எண்ணெயின் குணம் அறிந்த ஒருவரும் கல்லின் குணம் அறிந்த ஒருவரும் ஒரே மேசையில் நின்றார்கள் என்பதே எனக்குப் போதும்.

அதற்கு முன்பே ஹேய்ட்டர் இதே சிக்கலோடு மல்லுக்கட்டியிருக்கிறார். 1946இல் அவர் செய்த 'ஐந்து உருவங்கள்' என்ற அச்சோவியத்தில், கோடுகளுக்குள் கறுப்பு மையை இறக்கிய தகட்டின் மேலேயே பட்டுத்திரை வழியாக மூன்று நிறங்களைப் போட்டு, ஒரே அழுத்தத்தில் எடுத்தார். அதில் வளைகோடுகள் ஓடும் விதமும் நிறப்பரப்புகள் கிடக்கும் விதமும் வேறு வேறு: கோடு உளியிலிருந்து வந்தது, நிறம் திரையிலிருந்து வந்தது. நான் அதை அருமையான படைப்பு என்றே கருதுகிறேன். இருந்தாலும் அங்கே கோடும் நிறமும் பக்கத்து வீட்டார்கள், ஒரே வீட்டார் அல்லர். 'நீர்ச்சுழல்' வரும்போது திரை போய்விட்டது. நிறம் வருவதற்குத் தகட்டின் உடம்பைத் தவிர வேறு வழியே இல்லை. வெண்தாள் அம்மா கண்ட பிணைப்பு அங்கிருந்து வருகிறது.

சிக்குக் கோலத்தைப் பற்றி: புள்ளியைச் சுற்றி வளையும் எல்லாக் கோட்டையும் நாம் கோலத்தோடு ஒப்பிட்டு மகிழ்வது நம் பழக்கம். கண்ணுக்கு ஒப்புமை இருக்கலாம். அதை வழிவந்த உறவாகச் சொல்லாமல் இருப்பதே நல்லது. ரெட்டியைக் கவர்ந்தவை நீர், அலை, முளைக்கும் வித்து முதலானவை என்பது அவருடைய படைப்புகளின் தலைப்புகளிலேயே இருக்கிறது.

உளிமுனை எழுதியது:

நிறத்தைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. வளைவைப் பற்றி ஒன்று சொல்லலாம். எங்கள் குடும்பத்துக்குப் பாத்திரக்கடை. இப்போது மின்சாரப் பேனா வந்துவிட்டது. நான் சிறுவனாக இருந்தபோது வாசலில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, சீர்வரிசைக் குடத்திலும் அண்டாவிலும் சிற்றுளியும் சுத்தியலும் வைத்துப் பெயர் வெட்டுவார். 'அ', 'ஞ' போன்ற எழுத்துகளின் சுழி வரும்போது அவர் உளி பிடித்த கையை அசைக்கவே மாட்டார். குடத்தை மடியில் வைத்து முழங்காலால் மெல்லத் திருப்புவார்; சுழி தானாக வந்து உளிக்கு அடியில் சேரும். கையைத் திருப்பினால் சுழி முறிந்துவிடும் என்பார்.

பிற்காலத்தில் செம்புத் தகட்டில் பியூரின் என்னும் செதுக்குளியைப் பிடிக்கப் பழகியபோது எனக்கு அங்கும் அதே பாடம்தான் கிடைத்தது. உள்ளங்கையில் பிடியைத் தாங்கி, உளியை முன்னே தள்ளுவது வலக்கை. மணல் நிரப்பிய தோல் பையின் மேல் தகட்டை வைத்துத் திருப்புவது இடக்கை. நேர்கோடு வேண்டுமானால் இடக்கை சும்மா இருக்கும். வளைவு வேண்டுமானால் இடக்கைதான் வரைகிறது. உளியைச் சற்று நிமிர்த்தினால் கோடு ஆழமாகி அகலமாகும், சாய்த்தால் மெலிந்து மறையும். பென்சில் வளைவுக்கும் இந்த வளைவுக்கும் உள்ள வேறுபாடு பார்த்தவுடன் தெரியும்: பென்சில் வளைவில் மணிக்கட்டின் அளவு இருக்கும், இதில் இருக்காது. ஹேய்ட்டரின் கோடுகள் வெளியில் வீசி எறிந்த கம்பி போல எங்கும் தளராமல் ஓடுவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வெண்தாள் எழுதியது:

உளிமுனை ஐயா, குடத்தைத் திருப்பும் முழங்கால் இனி என் வகுப்பில் பாடமாகிவிடும், மிக்க நன்றி.

தகட்டுவாசி ஐயாவிடம் ஓர் ஐயம். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்ற விதியில்தான் இரு நிறங்களும் விலகி நிற்கின்றனவா? நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். இன்னொன்று: பள்ளத்தில் ஒரு நிறம், மேட்டில் ஒரு நிறம் என்றால் இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியது போல் எல்லை தெரிய வேண்டுமே, நான் பார்த்த பிரதியில் ஒரு நிறம் இன்னொன்றாகக் கரைந்து போகும் இடங்களே அதிகம்.

தகட்டுவாசி எழுதியது:

எண்ணெயும் நீரும் என்பது கல்லச்சின் விதி, அம்மா. அரைவட்டம் ஐயாவின் ஆஃப்செட்டும் அதன் வழிவந்ததுதான். இங்கே இரண்டும் எண்ணெய் மைதான். வேறுபாடு எண்ணெயின் அளவில் மட்டும். பட்டறையில் நாங்கள் கரண்டியால் பார்ப்போம்: முதல் மையை எடுத்துத் தூக்கினால் நல்லெண்ணெய் போல நூலாக ஒழுக வேண்டும், அடுத்தது ஆறிப்போன வெல்லப்பாகு போலக் கரண்டியிலேயே தயங்கி நிற்க வேண்டும். நெகிழ்ந்தது முதலில் போனால் அதன்மேல் இறுகியது ஏறாது. வரிசையை மாற்றி இறுகியதை முதலில் போட்டால், நெகிழ்ந்தது அதன்மேல் தாராளமாகப் படிந்து, இரண்டும் கலந்து மூன்றாவது நிறமாகிவிடும். சில நேரம் அதையே விரும்பிச் செய்வதும் உண்டு.

இதில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு மே மாதம், டிசம்பரில் நல்ல பலன் தந்த அளவுக் குறிப்பை அப்படியே வைத்துக்கொண்டு இருபது பிரதிகள் எடுக்க உட்கார்ந்தேன். இத்தனை மைக்கு இத்தனை சொட்டு எண்ணெய் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தேன். முதல் பிரதியே சேறு. கண்ணாடிப் பலகையில் கிடந்த இறுகிய மை வெயிலின் சூட்டில் தானாகவே நெகிழ்ந்து, இரண்டு மையும் ஒரே பதத்துக்கு வந்து, ஒன்றை ஒன்று தள்ளுவதற்குப் பதிலாகக் கட்டிப் பிடித்துக்கொண்டன. மக்னீசியம் கார்பனேட் தூளைக் கலந்து இறுக்கிப் பார்த்தேன், விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து வேலை செய்து பார்த்தேன், ஒன்பது தேறியது. துத்தநாகத் தகட்டில் வெளிர் மஞ்சளைத் துடைத்துத் துடைத்து அது பச்சை பாய்ந்து அழுக்கானது தனிக்கதை. மஞ்சளை நம்புகிறவர்கள் செம்பை வாங்குங்கள்.

கரைந்து போகும் நிறத்தைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி. அமிலம் தகட்டை அரிக்கும்போது படிக்கட்டாகத்தான் அரிக்கும். ஓரிடத்தை மெழுகால் மூடி, மற்றதை அரிக்கவிட்டு, மீண்டும் சிறிது மூடி, மீண்டும் அரிக்கவிட்டால், வயல் வரப்பு போல ஒவ்வொரு மட்டமும் தனித்தனியாகத் தெரியும். அப்படிப்பட்ட தகட்டில் நிறமும் வரப்பு வரப்பாகத்தான் நிற்கும்; நீங்கள் எதிர்பார்த்த கத்தி எல்லை அங்கே உண்டு. சரிவு வேண்டுமென்றால் அமிலத்தை விட்டுவிட்டு, சுரண்டியாலும் உளியாலும் அரைக்கும் கருவிகளாலும் உலோகத்தை இழைத்து இழைத்து இறக்க வேண்டும். ரெட்டி சிற்பியாக இருந்ததன் பலன் இங்கேதான் இருக்கிறது: அவர் தகட்டை வரையவில்லை, குடைந்தார். சரிவில் மிருதுவான உருளை ஒரேயடியாக விழாமல் சிறிது சிறிதாக இறங்குகிறது. மேல்நிறம் மெலிந்துகொண்டே போக, கீழ்நிறம் கூடிக்கொண்டே வருகிறது. சரிவின் மேலே கருவி விட்டுச்சென்ற நுண்ணிய சொரசொரப்பில் இரண்டு நிறமும் பொடிப்பொடியாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. நீங்கள் மணல் என்று சொன்னது அதுதான்.

ஆகவே, தாளில் நாம் வளைவு என்று பார்ப்பது தகட்டில் ஒரு சரிவு. தாளில் நிறம் என்று பார்ப்பது அதே சரிவின் ஆழம். எது முதலில் என்று கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது. என் கை ஒரு வேலையைத்தான் செய்கிறது.

அரைவட்டம் எழுதியது:

விளக்கம் தெளிவு, நன்றி. ஆனால் உங்கள் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, தகட்டுவாசி. ரெட்டி ஒரே தகட்டிலிருந்து வெவ்வேறு நிறக் கூட்டணிகளில் பிரதிகள் எடுத்திருக்கிறார். 1980களில் செய்த 'பெருங்கோமாளி' அச்சோவியத்தை நான் அட்டவணைப் புத்தகங்களில் இரண்டு மூன்று நிறங்களில் பார்த்திருக்கிறேன். நீலத்துக்குப் பதில் செம்மண் நிறம் போட்டாலும் அந்த வேலை நிற்கிறது என்றால், நிறம் மாற்றிப் போடக்கூடிய சட்டைதானே? உடம்பு வளைவுதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடாதா? கெல்லியின் ஆரஞ்சை எடுத்துவிட்டு அங்கே நீலம் வைத்துப் பாருங்கள். அது வேறு படைப்பாகிவிடும். அந்த வளைவு அந்த ஆரஞ்சுக்காகவே வளைந்தது.

தகட்டுவாசி எழுதியது:

நல்ல அடி. இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

என்னிடம் பழைய தகடு ஒன்று உண்டு. கிண்ணம் போல் நடுவில் இறங்கும் ஒரு வட்டம், அவ்வளவுதான். நேற்று அதை எடுத்து, முதலில் மேட்டில் வெளிர்க் காவியும் பள்ளத்தில் கருநீலமும் வைத்து ஒரு பிரதி எடுத்தேன். கிண்ணம் கிண்ணமாகவே இருந்தது. கண் உள்ளே விழுந்தது. பிறகு நிறத்தை இடம் மாற்றி, மேட்டில் கருநீலமும் பள்ளத்தில் மஞ்சள் கலந்த காவியும் வைத்து எடுத்தேன். சுவரில் மாட்டிவிட்டு அறையின் மறுகோடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தபோது, கிண்ணம் கவிழ்ந்து பந்தாகிவிட்டிருந்தது. தகடு ஒன்று, வளைகோடு ஒன்று, ஆழம் ஒன்று. ஒரு சுழல் உள்ளே இழுப்பதும் வெளியே ததும்புவதும் நிறத்தின் கையில் இருந்தது.

எனவே சட்டை என்ற உவமையை நான் ஏற்கமாட்டேன். ராகத்தைக் கட்டை மாற்றிப் பாடுவது போல என்று வேண்டுமானால் சொல்வேன். நீலம் செம்மண்ணாகலாம். ஆனால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வெளிச்ச உறவு தலைகீழானால் ராகமே மாறிவிடுகிறது. கெல்லியின் ஆரஞ்சைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்கவில்லை. அங்கே நிறம் தன் பெயராலேயே நிற்கிறது, இங்கே தன் பக்கத்து நிறத்தோடு உள்ள உறவால் நிற்கிறது.

அரைவட்டம் எழுதியது:

கவிழ்ந்த கிண்ணத்தை ஏற்கிறேன். நீங்கள் வாயால் சொல்வதோடு நிற்காமல் அதைச் செய்து பார்த்ததற்காகவே ஏற்கிறேன்.

உறவால் நிற்கும் நிறம் என்றதும் எனக்கு ஆங்கில ஓவியர் பிரிட்ஜெட் ரைலியின் 'பத்தொன்பது சாம்பல்கள்' நினைவுக்கு வந்தது. 1968இல் வந்த நான்கு பட்டுத்திரை அச்சுகள். சாம்பல் பின்னணியில் சாம்பல் நிற முட்டைவடிவங்கள். ஒரு சாம்பலில் சிறிது சூடு, இன்னொன்றில் சிறிது குளிர்; அந்த நூலிழை வேறுபாட்டில் முட்டைகள் திரும்புவது போலவும் நகர்வது போலவும் தோன்றும். அங்கே தகட்டில் சரிவே கிடையாது, மையில் தள்ளுமுள்ளும் கிடையாது, ஒவ்வொரு சாம்பலும் தனித் திரையில் தட்டையாக விழுந்தது. ஆனாலும் நிறத்தின் உறவே வளைவை அசைக்கிறது. ஆகவே உங்கள் உறவு வாதத்துக்குப் பள்ளமும் மேடும் கட்டாயமில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். என் கட்சியை நான் முழுதாக விட்டுக்கொடுக்கவில்லை!

ஒரு முறைப்பாடும் உண்டு. என் நண்பர் ஒருவர் ஓரிடத்தில் 'வரையறுக்கப்பட்ட பதிப்பு' என்று எண்ணிட்டு விற்ற ஒன்றை, பாகுநிலை அச்சு என்று நம்பி நல்ல விலை கொடுத்து வாங்கிவந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், மைத்தெளிப்புப் புள்ளிகள். கணினி அச்சு. நிறமெல்லாம் அச்சு அசலாகத்தான் இருந்தது. இதை வாங்குமுன் கண்டுபிடிப்பது எப்படி?

கீழவீதி எழுதியது:

தாளைச் சட்டகத்திலிருந்து எடுத்து, சன்னல் பக்கம் கொண்டுபோய், கண் மட்டத்தில் சாய்த்துப் பிடியுங்கள். தகட்டின் விளிம்பு தாளில் அமுங்கி ஒரு செவ்வகப் பள்ளம் தெரிய வேண்டும். ஆழமாகக் குடைந்த கோடுகள் தாளில் புடைப்பாக எழுந்து, சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் போடும். தகட்டுவாசி சொன்ன நிலப்பரப்பு தாளில் தலைகீழாக வந்திருக்கும்: அவருடைய பள்ளம் நம் மேடு. கணினி அச்சில் வளைவு எவ்வளவு அழகாக இருந்தாலும் தாள் தாளாகவே கிடக்கும். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் 2016இல் ஹேய்ட்டர், கிருஷ்ண ரெட்டி, ஸரீனா ஹாஷ்மி மூவரையும் ஒன்றாக வைத்து ஒரு கண்காட்சி நடந்தது. மூவரும் ஒரே பட்டறை வழியில் வந்தவர்கள். ஆனால் ஸரீனாவின் பிற்கால வேலையில் நிறம் பெரும்பாலும் வடிந்துபோய், கறுப்பும் தாளின் வெண்மையும்தான் எஞ்சின. வளைவையும்விட நேர்கோடே அதிகம். ஒரே மேசை ஒரே மாதிரி கையை உண்டாக்குவதில்லை.

நம் ஊருக்கு அருகில் பார்க்க விரும்புபவர்கள் 1957இல் தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பனின் அச்சோவியங்களைத் தேடிப் பாருங்கள். பறக்கும் ஒன்று வானில் விட்டுப்போன தடம் போன்ற வளைகோடுகள் அவருடையவை. ரெட்டியின் சுழலில் உள்ள நீரின் கனம் அதில் இராது, காற்றின் விரைவு இருக்கும். சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமி மையத்தை நீண்ட காலம் நடத்தியவரும் அவரே.

வெண்தாள் எழுதியது:

இந்த இழையைத் தொடங்கியபோது இத்தனை பதில்களை எதிர்பார்க்கவில்லை. இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

மீண்டும் அந்தச் சேகரிப்பாளர் வீட்டுக்குப் போனேன். சட்டகத்தைத் திறக்கச் சொல்லிக் கேட்கத் தயங்கினேன். அவராகவே திறந்து, கையுறை கொடுத்தார். சன்னலோரம் சாய்த்தபோது சுழலின் கோடுகள் தாளில் நரம்பு போலப் புடைத்து நின்றன. அவற்றின் நிழல் ஒரு பக்கம் விழ, சுழல் ஒரு திசையில் ஓடியது. தாளைத் திருப்பிப் பிடித்தபோது நிழல் மறுபக்கம் போய், சுழலின் ஓட்டம் தயங்கியது. நிறம் மட்டும் அசையாமல் தன் இடத்திலேயே இருந்தது. சேகரிப்பாளர் பதினொரு ஆண்டுகளாக அதை வைத்திருக்கிறார், ஒருமுறைகூடச் சாய்த்துப் பார்த்ததில்லையாம்.

அடுத்தது, உள்ளங்கை அகலச் செம்புத் துண்டும் பழைய செதுக்குளி ஒன்றும் வாங்கி, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். உளிமுனை ஐயா அவ்வளவு சொல்லியும், முதல் வளைவில் கை தானாகத் திரும்பிவிட்டது. உளி வழுக்கி, வளைவு பாதியில் முறிந்து, தகட்டின் விளிம்பு வரை ஒரு நேர்கோடு போய்விட்டது. இடக்கைப் பெருவிரலில் சிறு காயம். பழைய தோல் பை ஒன்று வீட்டில் இருக்கிறது. அதைப் பிரித்து மணல் பையாகத் தைக்கப் போகிறேன். ஆற்றுமணலைச் சலித்து எடுத்தால் போதுமா, அல்லது அதைவிட நயமான மணல்தான் வேண்டுமா என்று மட்டும் யாராவது சொல்லுங்கள்.

உளிமுனை எழுதியது:

ஆற்றுமணல் போதும் அம்மா. சலித்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து நிரப்புங்கள். ஈரம் இருந்தால் தோல் பூசணம் பிடிக்கும். முக்கால் பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், பை கல்லாகிவிட்டால் தகடு திரும்பாது.